‘நாளை’ என்று எழுதாதீர்கள்

“பராமரிப்புப் பணி காரணமாக நாளை குடிநீர் விநியோகம் இருக்காது. பொதுமக்கள் ஒத்துழைப்பு தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

உள்ளாட்சிகளின் முகநூல் பக்கங்களில் அடிக்கடி கண்ணில் படும் அறிவிப்பு இது. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு இதைப் பார்த்த ஒருத்தர் திருநெல்வேலி டவுனில் இருக்கும் மதினிக்கு அனுப்புகிறார். மதினி மறுநாள் காலையில் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். அங்கிருந்து தச்சநல்லூருக்கும் மேலப்பாளையத்துக்கும் போய், மூன்றாம் நாள் சாயங்காலம் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் அண்டா, குடம், வாளி எல்லாவற்றையும் நிரப்பி வைக்கிறார்கள். அந்த வீட்டுக்குத் தண்ணீர் நிற்கவே போவதில்லை. உண்மையில் தண்ணீர் நிற்க வேண்டிய தெருவுக்கோ செய்தி போய்ச் சேரவில்லை.

தப்பு ‘நாளை’ என்ற அந்த ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. தண்டோரா போட்ட காலத்தில் தெருவில் நின்று ‘நாளை’ என்றால், கேட்ட எல்லோருக்கும் அது ஒரே நாள். (அந்த வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2022-இல் தமிழக அரசே அறிவுறுத்திவிட்டது. நல்லதுதான். அந்தப் பறையை யார் தோளில் ஏற்றி வைத்திருந்தோம் என்பது எல்லோருக்கும் தெரியும்.) வாட்ஸ்அப்பில் ‘நாளை’ ஒவ்வொரு விடியலிலும் புதிதாகப் பிறக்கிறது. ‘இன்று’ம் அப்படித்தான், ‘இப்பகுதி’யும் அப்படித்தான். ஒரு போஸ்ட் நம் பக்கத்தை விட்டு வெளியே போகும்போது, எப்போது போட்டது, யார் போட்டது என்ற விவரம் பெரும்பாலும் கூடப் போவதில்லை. ஆகவே தேதி, கிழமை, மணி, இடம், சொல்பவர் யார் என்பதையெல்லாம் வாசகத்துக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட வேண்டும். உள்ளாட்சிப் பக்கம் நடத்துவதில் பாதி வேலை இதுதான்.

அதே அறிவிப்பை, மாதிரிக்கு, இப்படி எழுதலாம்: “குடிநீர் நிறுத்தம்: மகாராஜநகர், தியாகராஜநகர். 12.06.2025 வியாழன் காலை 6 மணி முதல் 13.06.2025 வெள்ளி காலை 6 மணி வரை. நீரேற்று நிலையத்தில் மோட்டார் மாற்றும் வேலை. மற்ற பகுதிகளில் வழக்கம்போல் தண்ணீர் வரும். லாரித் தண்ணீர் வேண்டுமென்றால் இந்த எண்ணுக்கு அழைக்கவும். அறிவிப்பு எண், மாநகராட்சி, வெளியிட்ட நேரம்.” இதில் ‘மற்ற பகுதிகளில் வழக்கம்போல் வரும்’ என்ற வரியைப் பலரும் வீண் என்று வெட்டிவிடுவார்கள். கட்டுப்பாட்டு அறைத் தொலைபேசியைப் பாதி நேரம் காப்பாற்றுவது அந்த வரிதான்.

இடப்பெயரிலும் ஒரு கண் வேண்டும். பொறியாளர் பிரிவிலிருந்து வரும் குறிப்பில் மண்டலமும் வார்டு எண்ணும் இருக்கும். திருநெல்வேலி மாநகராட்சியில் நாலு மண்டலம், 55 வார்டு. வார்டு எல்லைகள் மறுவரையறை ஆனபின் தன் வார்டு எண் என்ன என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர் கவுன்சிலரும் பில் கலெக்டரும்தான். மக்கள் ஜங்ஷன், டவுன், பாளை, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், ஈரடுக்குப் பாலம் என்று பேசுகிறார்கள். ‘சந்திப்புப் பேருந்து நிலையம்’ என்று எழுதினால் தப்பில்லை, ‘ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட்’ என்பதையும் சேர்த்தால்தான் தேடுபவருக்குக் கிடைக்கும். தெருப் பெயர் முதலில், வார்டு எண் பின்னால். தெருப் பெயரைத் தட்டினால் வார்டு, மண்டலம், அந்தப் பகுதியின் உதவிப் பொறியாளர், சுகாதார ஆய்வாளர் எண்கள் வரும்படி இணையதளத்தில் ஒரு பக்கம் வைத்தால், வேறு எந்த அலங்காரமும் இல்லாவிட்டாலும் அந்தத் தளத்தை ஜனங்கள் மறக்க மாட்டார்கள்.

இன்னொரு தொல்லை மரியாதை வரிகள். மாண்புமிகு, மதிப்பிற்குரிய, அவர்களின் வழிகாட்டுதலின்படி, அவர்களின் முன்னிலையில் என்று நாலு வரி ஓடிய பிறகுதான் விஷயம் வரும். முகநூல் முதல் சில வரிகளைக் காட்டிவிட்டு மிச்சத்தை ‘மேலும் பார்க்க’ என்பதற்குள் மடித்துவிடும். போனில் பார்ப்பவருக்குக் கிடைப்பது பட்டப்பெயர்கள் மட்டும். மரியாதையை எடுத்துவிடுங்கள் என்று எந்த மக்கள் தொடர்பு அலுவலராலும் சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். இடத்தை மாற்றலாம். விஷயம் மேலே, பெயர்கள் கீழே. விழா போஸ்ட்டுக்குப் பழைய முறை இருந்துவிட்டுப் போகட்டும், தண்ணீர், மின்சாரம், வெள்ளம், போக்குவரத்து மாற்றம் ஆகிய நாலுக்கும் இந்த முறை என்று ஆணையரிடம் ஒரு குறிப்பாணை வாங்கி வைத்துக்கொண்டால் பிறகு யாரும் கேட்பதில்லை.

சமூக ஊடகம் வந்த பிறகு இணையதளத்தைக் கைவிட்ட உள்ளாட்சிகள் நிறைய. இது தலைகீழ். முகநூல் பதிவைத் தேதி வரிசையில் காட்டாது, கணக்கு இல்லாதவரை உள்ளே வா என்று மறிக்கும். எக்ஸ் தளமும் உள்நுழையாதவருக்கு எல்லாவற்றையும் காட்டுவதில்லை. இன்ஸ்டாகிராமில் படத்துக்குக் கீழே எழுதும் இணைப்பைத் தட்டினால் திறக்காது. வாட்ஸ்அப் சேனல் 2023 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தது. ஒருவழிப் பாதை, பின்தொடர்பவரின் எண் மற்றவருக்குத் தெரியாது, நம் ஊருக்கு மிகப் பொருத்தமான கருவி. ஆனால் அங்கேயும் பழைய பதிவைத் தேடி எடுப்பது கஷ்டம். எனவே முழு அறிவிப்பு இணையதளத்தில் ஒரு நிலையான முகவரியில் இருக்க வேண்டும். மற்ற எல்லா இடத்திலும் போவது அதன் சுருக்கமும் இணைப்பும்தான். திருத்தம் வந்தால் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

மத்திய அரசின் இணையதள வழிகாட்டு நெறிகளின் மூன்றாம் பதிப்பு 2023-இல் வந்தது. முதல் பதிப்பு 2009. அரசுத் தளம் ‘ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘என்ஐசி டாட் இன்’ முகவரியில் இருக்க வேண்டும், பக்கம் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று காட்ட வேண்டும், தளத்தின் தகவலுக்குப் பொறுப்பான ஒரு மேலாளர் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. மாவட்ட நிர்வாகத் தளங்கள் தேசிய தகவலியல் மையத்தின் ‘எஸ்3வாஸ்’ என்ற பொதுக் கட்டமைப்பில் ஓடுவதால் இந்த நெறிகளில் பாதி தானாகவே நிறைவேறிவிடும். தனியார் ஒப்பந்ததாரர் கட்டிக்கொடுத்த தளங்களில்தான் சிக்கல். ‘டாட் காம்’ முகவரியை ஒப்பந்ததாரர் தன் பெயரில் பதிந்து வைத்திருப்பார். ஒப்பந்தம் முடிந்து பில் பாக்கி இருந்தால் முகவரி அவர் கையில். புதுப்பிக்காமல் விட்டால் அதைச் சூதாட்டக்காரர் ஒருவர் வாங்கிக்கொள்வார். வரி ரசீதில் அச்சடித்த அந்த முகவரியைத் தட்டும் பெரியவர் ரம்மி விளையாட்டுப் பக்கத்தில் போய் நிற்பார்.

க்யூஆர் குறியீட்டிலும் இதே வம்பு. இலவசமாகச் செய்து தரும் தளங்கள் தங்கள் முகவரி வழியாகத் திருப்பிவிடும் குறியீட்டைத் தரும். இலவச காலம் முடிந்ததும் அது செத்துப்போகும். ஊரெல்லாம் ஃபிளக்ஸ் அடித்து ஒட்டிய பிறகு தெரியும். நம் தளத்தின் முகவரியையே நேரடியாகப் பொதித்த குறியீடாகச் செய்து, அச்சுக்குப் போகுமுன் இரண்டு போன்களில், அதில் ஒன்று பழைய போனாக, சோதிக்க வேண்டும்.

அடுத்தது எழுத்துரு. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. நம் அலுவலகங்களில் இன்னும் வானவில் அவ்வையார் என்ற பழைய தமிழ் எழுத்துரு ஓடிக்கொண்டிருக்கிறது. தட்டச்சுப் பிரிவில் அதில் அடித்து, அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்றுகிறார்கள். இப்படி ஏறிய கோப்பு ஒரு புகைப்படம். கூகுளில் தேடினால் வராது, போனில் பெரிதாக்கினால் கலங்கும். கண் தெரியாதவர் போனில் இருக்கும் வாசிப்பான், அதற்குள் ஓர் எழுத்துகூட இல்லை என்று பேசாமல் இருந்துவிடும். ஸ்கேன் செய்யாமல் வானவில் கோப்பிலிருந்தே பிடிஎஃப் எடுத்தாலும் கண்ணுக்குத்தான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக்களின் குப்பை. அதை நகலெடுத்து முகநூலில் ஒட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். யூனிகோடு, டேஸ்16 என்ற இரண்டு எழுத்துக் குறியாக்க முறைகளைத் தமிழக அரசு 2010-இலேயே தரமாக ஏற்றுக்கொண்டது. ஆக, விதி எப்போதோ வந்துவிட்டது, விரல் பழக்கம்தான் வரவில்லை. தட்டச்சரைப் புதிய விசைப்பலகைக்கு மாறச் சொன்னால் வேலை நின்றுபோகும். பழைய தட்டச்சு அமைப்பிலேயே அடித்து யூனிகோடாக வெளிவரும் மென்பொருள்கள் இருக்கின்றன. அதைப் போட்டுக் கொடுத்தால் சண்டை இல்லை. பழைய கோப்புகளை மாற்றிகள் மூலம் மாற்றும்போது ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஸ்ரீ, க்ஷ, அடைப்புக்குறி, எண்கள் ஆகிய இடங்களில் கண் வைத்துச் சரிபார்க்க வேண்டும். தொகை எழுதிய இடத்தில் ஓர் எண் மாறினால் டெண்டரே வில்லங்கமாகும்.

கையெழுத்திட்ட ஸ்கேன் வேண்டும் என்று சட்டப் பிரிவு சொன்னால் அதையும் போடுங்கள். கூடவே அதே வாசகத்தைப் பக்கத்தில் எழுத்தாகவும் கொடுங்கள். ஸ்கேனைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஒரு பக்கம் நூறு இருநூறு கேபிக்குள் அடங்கும். வண்ணத்தில் எடுத்து அப்படியே ஏற்றிய பன்னிரண்டு பக்கத் தீர்மானத்தை மாஞ்சோலைப் பக்கம் சிக்னல் தேடி நிற்பவர் திறக்க முடியாது. கோப்பின் பெயர் ‘ஸ்கேன்0047’ என்று இருந்தால் ஏற்றியவருக்கே ஆறு மாதம் கழித்துக் கிடைக்காது. தேதி, பிரிவு, பொருள் என்ற வரிசையில் பெயரிடுவது ஒரு நிமிட வேலை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(பி), கேட்காமலே வெளியிட வேண்டிய 17 இனங்களைச் சொல்கிறது. அலுவலர் பட்டியல், அதிகாரங்கள், வரவு செலவு, மானியம் பெறுவோர் விவரம், பொதுத் தகவல் அலுவலரின் பெயர் எல்லாம் அதில் அடங்கும். ஒருமுறை ஏற்றிவிட்டு மறந்துபோவதுதான் வழக்கம். மாறுதலில் போன அலுவலரின் பெயருக்கு மனுக்கள் வந்துகொண்டே இருக்கும். இதற்குப் பெரிய திட்டம் வேண்டாம், மாறுதல் ஆணை வரும் நாளில் தளத்தில் பெயர் மாற்றுவதையும் பணியமைப்புப் பிரிவின் வேலையாக்கினால் முடிந்தது.

மாறுதல் என்றதும் அந்தப் பெரிய ஓட்டைக்கு வந்துவிடலாம். பொறுப்பு ஒப்படைக்கும்போது எழுதும் சார்ஜ் லிஸ்ட்டில் மேசை வரும், நாற்காலி வரும், பூட்டுச் சாவியோடு பீரோ வரும். முகநூல் பக்கம் வராது. கணக்கைத் தொடங்கியவர் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் இருந்த டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். தன் சொந்த ஜிமெயிலில், தன் சொந்த சிம்மில் தொடங்கியிருப்பார். அவர் வேலையை விட்டுச் சென்னைக்குப் போய்விடுவார். அந்த எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் சேவை நிறுவனம் துண்டித்துவிடும், துண்டித்த எண் 90 நாள் கழித்து வேறொருவருக்குப் போகலாம். உள்ளாட்சியின் கணக்குக்கு வரும் ஓடிபி அப்போது முன்பின் தெரியாத ஒருவர் போனில் சிணுங்கும்.

செய்ய வேண்டியது இது. அலுவலகப் பெயரில் போஸ்ட்பெய்டு சிம் ஒன்று, அதன் பில் பொது நிதியில். ஆள் பெயரில் இல்லாமல் பதவிப் பெயரில் அரசு மின்னஞ்சல் ஒன்று. முகநூலில் சிலர் ‘நட்பு வேண்டுகோள்’ அனுப்பும் தனிநபர் கணக்காகவே உள்ளாட்சியை வைத்திருக்கிறார்கள். அது 5,000 நண்பர்களோடு நின்றுவிடும், எப்போது வேண்டுமானாலும் பொய்ப் பெயர் என்று முடக்கப்படும். பக்கமாகத் தொடங்கி, நிறுவனக் கணக்கின் கீழ் கொண்டுவர வேண்டும். முழு அதிகாரம் மூன்று பேருக்கு மேல் வேண்டாம், ஒருவருக்கு மட்டும் இருப்பதும் கூடாது. அவர்களில் இரண்டு பேராவது நிரந்தரப் பணியாளர். பதிவிடுபவருக்கும் கமெண்ட் பார்ப்பவருக்கும் அந்தந்த வேலைக்கான அனுமதி போதும், பாஸ்வேர்டைக் கையில் கொடுக்க வேண்டியதில்லை. இரட்டைச் சரிபார்ப்பை எஸ்எம்எஸ் வழியாக வைக்காமல் செயலி வழியாக வைக்க வேண்டும். எக்ஸ் தளம் 2023 மார்ச் முதல் கட்டணம் கட்டாத கணக்குகளுக்கு எஸ்எம்எஸ் முறையை எடுத்தேவிட்டது. கூகுள் கணக்கு தரும் 10 மாற்றுக் குறியீடுகளை அச்செடுத்து, உறையில் வைத்து அரக்கு முத்திரையிட்டு ஆணையரின் பீரோவில் வைத்து, அந்த உறையைச் சார்ஜ் லிஸ்ட்டில் ஒரு வரியாக ஏற்ற வேண்டும். பழங்காலத்து வேலைதான். இந்த இடத்தில் பழங்காலம் ஜெயிக்கிறது.

பக்கங்கள் பறிபோகும் விதம் எப்போதும் ஒன்றுதான். ‘உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியது, 24 மணி நேரத்தில் முறையிடாவிட்டால் நீக்கப்படும்’ என்று ஒரு செய்தி வரும். முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் சின்னம் இருக்கும். பயந்துபோய்த் தட்டுபவர் பாஸ்வேர்டையும் ஓடிபியையும் தாமே கொடுத்துவிடுவார். கணக்கு பறிபோவது, தளம் உடைக்கப்படுவது போன்ற இணையப் பாதுகாப்புச் சம்பவங்களை, தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28-ஆம் தேதியிட்ட உத்தரவு சொல்கிறது. அரசு அமைப்புகளுக்கும் இது பொருந்தும். கணினியின் பதிவுக் குறிப்புகளை (லாக்) 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. தளத்தைப் பராமரிப்பவரோடு போடும் ஒப்பந்தத்தில் இந்த இரண்டையும் எழுதாமல் விட்டால், சம்பவத்தன்று ‘லாக் எல்லாம் அழிஞ்சுபோச்சு சார்’ என்ற பதில்தான் கிடைக்கும்.

தளம் உடைக்கப்பட்டிருப்பது எல்லா நேரமும் முகப்பில் தெரியாது. முகப்பு அப்படியே இருக்கும், உள்ளே யாருக்கும் தெரியாமல் நூற்றுக்கணக்கில் சூதாட்டப் பக்கங்கள் முளைத்திருக்கும். கூகுளிலிருந்து வருபவரை மட்டும் அங்கே திருப்பிவிடும், அலுவலகத்தில் முகவரி அடித்துத் திறப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மாதம் ஒருமுறை கூகுளில் ஆங்கிலத்தில் ‘சைட்’ என்று போட்டு முக்காற்புள்ளிக்குப் பின் தளத்தின் முகவரியைக் கொடுத்துத் தேடினால் நம் தளத்தில் என்னென்ன பக்கங்கள் பதிவாகியிருக்கின்றன என்று காட்டும். சம்பந்தமில்லாத தலைப்பு ஒன்று தென்பட்டால் வேலை இருக்கிறது என்று பொருள். தளத்தின் எஸ்எஸ்எல் பாதுகாப்புச் சான்றிதழின் காலாவதியையும் அதே நாளில் பார்த்துவிடலாம். 2020 செப்டம்பர் முதல் ஒரு சான்றிதழ் அதிகபட்சம் 398 நாள் சென்றது. 2026 மார்ச் 15 முதல் வழங்குவனவற்றுக்கு அது 200 நாளாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கொருமுறை நினைவு வைத்தால் போதும் என்ற பழக்கம் இனி செல்லாது, தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

எஸ்எம்எஸ் அனுப்பும் உள்ளாட்சிகளுக்கு ஒரு கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழில் 70. அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்தல்ல. ‘திருநெல்வேலி’ நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குக் கொம்பும் சுழியும் புள்ளியும் தனித்தனி, ஆக 12. ‘திருநெல்வேலி மாநகராட்சி’ என்று தொடங்கினாலே நடுவில் விட்ட இடத்தோடு சேர்த்து 23 போய்விட்டது. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும், ஒவ்வொரு துண்டிலும் 67 மட்டுமே நிற்கும், துண்டு ஒவ்வொன்றுக்கும் காசு. எக்ஸ் தளத்தின் 280-ஐயும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். அனுப்புநர் பெயர், வாசக வடிவம் இரண்டையும் தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி என்ற பதிவேட்டில் முன்பே பதிந்திருக்க வேண்டும். வெள்ளம் வந்த ராத்திரியில் புது வாசகத்துக்கு அனுமதி வாங்க முடியாது. குடிநீர், வெள்ளம், முகாம், வரி என்று நாலைந்து வடிவங்களை வெயில் காலத்திலேயே பதிந்து வையுங்கள்.

வரி என்றதும் ஒன்று. சொத்து வரியை அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள், முதல் அரையாண்டுக்கு என்றால் ஏப்ரல் 30-க்குள், கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை உண்டு. இதை ஏப்ரல் 29-ஆம் தேதி போஸ்டர் போட்டுச் சொல்லும் வழக்கத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்று தெரியவில்லை.

கமெண்டுகள். ‘சாக்கடை அடைச்சு நாலு நாளாச்சு, கண்ணு தெரியலையா’ என்று ஒருவர் எழுதினால் அதில் வசவு பாதி, புகார் பாதி. வசவை விட்டுவிட்டுப் புகாரைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவரைத்தான் அந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற பதிலை யாரும் நம்புவதில்லை. தெருப் பெயர் கேட்டு, புகாராகப் பதிந்து, புகார் எண்ணையும் எந்தப் பிரிவுக்குப் போயிருக்கிறது என்பதையும் பதிலாகப் போடுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில், அதே கோணத்தில் எடுத்த படம். வேறு கோணத்தில் எடுத்தால் ‘அண்ணாச்சி, இது எங்க தெருவே இல்ல’ என்று அடுத்த கமெண்ட் வரும், பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். திட்டுகிறவர்களைத் தடை செய்யக் கை துறுதுறுக்கும். செய்யாதீர்கள். சாதி வசவு, மிரட்டல், ஆபாசம், பிறர் தொலைபேசி எண் ஆகியவற்றை மட்டும் மறைப்போம் என்று பக்கத்தின் மேலே எழுதி வைத்துவிட்டு, மறைக்குமுன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோப்பில் போட்டுவிட்டு மறையுங்கள். தன் போன் எண்ணையும் கதவு எண்ணையும் பொதுவில் எழுதிவிடும் மனுதாரருக்கு, அதை மறைத்துவிட்டு உள்பெட்டியில் பதில் சொல்வதே உபகாரம்.

படம் ஏற்றுமுன் அரை நிமிடம் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். தூய்மைப் பணியாளர் கையில் உறை இருக்கிறதா, காலில் பூட்ஸ் இருக்கிறதா? சாக்கடைக் குழிக்குள் ஆள் இறங்கி நிற்கும் படத்தை ‘துரித நடவடிக்கை’ என்று பெருமையாகப் போடுவது, கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறியதற்கான சாட்சியத்தை நாமே பிரசுரிப்பதாகும். படத்தைப் போடாமல் மறைப்பது அதற்குத் தீர்வல்ல, ஆளை இறக்கக் கூடாது, அவ்வளவுதான். நலத்திட்டம் வாங்குபவர் கையில் இருக்கும் ஆதார் அட்டை படத்தில் தெளிவாக விழுந்திருக்கும், அந்த எண்ணைப் பொதுவில் வெளியிட ஆதார் சட்டம் அனுமதிக்கவில்லை. பயனாளிகள் பட்டியலை எக்செல் கோப்பாக ஏற்றும்போதும் இதே தவறு நடக்கிறது: அச்சில் தெரியாதபடி மறைத்த பத்தி கோப்பில் அப்படியே இருக்கும். மறைக்காதீர்கள், அந்தப் பத்தியை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

இனி வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18-இல் என்ன ஆனது என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். வானிலைத் துறை 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தாலே ‘அதி கனமழை’ என்கிறது, அதைப்போல நாலரை மடங்கு. பல இடங்களில் கரண்டும் போனது, செல்போன் கோபுரமும் போனது. அப்படிப்பட்ட நாளில் உள்ளாட்சிப் பக்கத்தின் வீடியோவும் வண்ணப் போஸ்டரும் எதற்கும் உதவாது. ஒரு கோட்டில் சிக்னல் கிடைத்தவருக்கு எழுத்து மட்டுமே திறக்கும். இணையதளத்தில் படம் ஒன்றுகூட இல்லாத ‘வெள்ள நிலவரம்’ பக்கம் ஒன்றை முன்பே செய்து வைத்திருக்க வேண்டும். சாதாரண நாளில் அது காலியாகவே இருக்கட்டும்.

அந்தப் பக்கத்தின் முதல் வரி நேரம்: ‘காலை 6 மணி நிலவரம்’. இரண்டு மணிக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும், புதிதாக ஒன்றும் இல்லையென்றால் ‘8 மணி: மாற்றம் இல்லை’ என்றாவது எழுத வேண்டும். மௌனமாக இருக்கும் இரண்டு மணி நேரத்தில்தான் எவனோ ஒருவன் பழைய வீடியோவை எடுத்து ‘அணை உடைஞ்சிருச்சு’ என்று விடுவான். அணை நிலவரத்தை நீர்வளத் துறையும் மாவட்ட நிர்வாகமும் தருவதுபோல் அப்படியே போட வேண்டும், நம் ஊகத்தைச் சேர்க்கக் கூடாது. ஆனால் எண்ணை மட்டும் போட்டாலும் பாதிதான். பாபநாசம் அணை 140 அடி என்றால், மொத்தம் 143 அடி என்று பக்கத்தில் இருந்தால்தான் பொருள். சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118. நீர்வரத்து, வெளியேற்றம் இரண்டும் கனஅடியில். அதைப் படித்துவிட்டு ஆற்றங்கரையில், சிந்துபூந்துறையிலும் மீனாட்சிபுரத்திலும் கைலாசபுரத்திலும் இருப்பவர் கேட்பது ஒன்றுதான்: ‘நான் இப்ப கிளம்பணுமா?’ அதற்கான பதில் எண்களுக்கு மேலே இருக்க வேண்டும். எந்தத் தெரு கிளம்ப வேண்டும், எந்த முகாம், எந்த வழி. குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் எதுவரை மூடியிருக்கிறது என்பதை வைத்து ஆற்றை அளக்கும் ஊர் இது. அந்தக் கோயிலின் படம் ஒன்றை நேரம் குறித்துப் போடுவது எந்த வரைபடத்தையும்விடச் சீக்கிரம் புரியும், படம் திறக்கும் அளவுக்குச் சிக்னல் இருந்தால்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070. இவற்றைப் படத்தில் மட்டும் எழுதாமல் எழுத்தாகவும் போட்டால் தட்டினாலே அழைப்பு போகும். தப்பான தகவல் நம் பக்கத்திலிருந்தே போய்விட்டால் ஓசைப்படாமல் அழிக்காதீர்கள். அழித்தாலும் ஃபார்வர்டு ஆனது ஊரில் இருக்கும், அதைச் சரிபார்க்க வருபவருக்கு ஒன்றுமே கிடைக்காது. பழைய பதிவின் தலையில் ‘திருத்தம், 10.20 மணி’ என்று எழுதி, புதுப் பதிவாகவும் போடுங்கள். வாட்ஸ்அப் சேனலில் பதிவைத் திருத்தலாம், ஆனால் நகலெடுத்து ஒட்டியவர்களிடம் பழையதே இருக்கும் என்பதால் அங்கேயும் தனியாக ஒரு திருத்தம் வேண்டும்.

வண்ணத்தைப் பற்றி ஒரு சொல். எழுத்துக்கும் பின்னணிக்கும் வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பது அணுகல்தன்மைக்கான சர்வதேச அளவுகோல். வெள்ளைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து அதில் தேறாது. ஆனித் தேரோட்டத்துக்குப் போக்குவரத்து மாற்றம் சொல்லும் வரைபடத்தில் சிவப்புக் கோடு அடைப்பு, பச்சைக் கோடு மாற்றுவழி என்று மட்டும் போட்டால் நிறக்குருடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்று. கோட்டின் மேல் ‘அடைப்பு’, ‘இவ்வழி’ என்று எழுதிவிட வேண்டும். அந்த வரைபடத்தில் உள்ளதை நாலு வரியில் கீழேயும் எழுத வேண்டும்.

தேர்தல் நடத்தை விதி வந்தால் அரசியல் பொறுப்பில் இருப்பவர் படங்கள் தளத்திலிருந்து இறங்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் கையால் நீக்கினால் எங்காவது ஒன்று தப்பி நிற்கும், புகாராகும். எல்லாப் படமும் ஒரே இடத்திலிருந்து வரும்படி தளத்தைக் கட்டினால் ஒரு சொடுக்கில் முடியும். திருநெல்வேலி மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடந்தது, பதவிக்காலம் ஐந்தாண்டு. நாளைக் கணக்கிட்டு முன்கூட்டியே ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம்.

குடிநீர் நிறுத்த அறிவிப்புக்குத் திரும்புவோம். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு வர வேண்டிய தண்ணீர் சில நாள் பத்து மணிக்குத்தான் வரும். மோட்டார் ஏறியிருக்கும், மேல்நிலைத் தொட்டி நிறைய நேரமாகும், கடைசித் தெருவுக்குப் போய்ச் சேர இன்னும் நேரமாகும். ஆறு மணிக்கே ‘தாமதம், 10 மணிக்கு எதிர்பார்க்கலாம்’ என்று பழைய அறிவிப்பின் மேலேயே எழுத வேண்டும். வந்த பிறகு, ‘13.06.2025 வெள்ளி காலை 10.15: மகாராஜநகர், தியாகராஜநகரில் தண்ணீர் திறக்கப்பட்டது. முதல் கால் மணி நேரம் கலங்கலாக வரலாம், பிடித்துவைக்க வேண்டாம்’ என்று இன்னொன்று. இந்த இரண்டாவது பதிவைப் போடும் உள்ளாட்சிகள் குறைவு. தண்ணீர் வந்தது குழாயைத் திறந்தால் தெரியாதா என்பார்கள். வேலைக்குப் போன இடத்திலிருந்து, வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்குத் தண்ணீர் வந்ததா என்று போனில் பார்ப்பவர்கள்தான் அந்தப் பதிவைத் தேடுகிறார்கள்.